பழி சுமந்த நாட்களில் என்னைத் தாங்கியது

கணக்கில் பணம் குறைந்தது. பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. அவ்வளவுதான் ஆதாரம். ஒன்பது வருஷம் ஒரு நாள்கூடக் கணக்கு பிசகாமல் ஒப்படைத்த என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் மெல்ல வேறு மேசைக்குப் போனார்கள்.

"எல்லாம் நன்மைக்கே, ஆண்டவரிடம் விட்டுவிடு" என்று பலர் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் எனக்கு ஜெபமே வரவில்லை. பைபிளில் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் முதல் இரண்டு வசனங்களில் நான்கு தடவை வரும் "எதுவரைக்கும்" என்ற ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். அதுவும் ஜெபம்தான் என்று பிறகுதான் புரிந்தது. நம்பிக்கை இல்லாதவள் யாரிடம் போய் அப்படிக் கேட்பாள்?

அப்புறம் ஆதியாகமம் 40-ஆம் அதிகாரம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடக்கிற யோசேப்பு, ஒரு காலையில் கூட இருந்த இரண்டு கைதிகளைப் பார்த்து, இன்று உங்கள் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று விசாரிக்கிறான். தன் முகம் வாட எத்தனையோ காரணம் இருந்தவன்! அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கைதிகளில் ஒருவன், எகிப்து ராஜாவான பார்வோனுக்குப் பானம் பரிமாறிவந்த பானபாத்திரக்காரன். அவனிடம் யோசேப்பு, நான் ஒரு குற்றமும் செய்யவில்லை, பார்வோனிடம் எனக்காகப் பேசு என்று வாய்விட்டுக் கேட்கிறான். விசுவாசம் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ, தெரியவில்லை.

மறுநாளே கணக்கை முதலிலிருந்து சரிபார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை. பானபாத்திரக்காரனும் இரண்டு வருஷம் யோசேப்பை மறந்துதான் போனான். கடிதம் கொடுத்த அன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்று இரவுதான் தூங்கினேன்.

* * *

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை ஏமாற்றியவர் கூடப்பிறந்த அண்ணன். பெற்றோர் வீட்டைத் தன் பேருக்கே எழுதி வாங்கிக்கொண்டார். மன்னித்துவிடு என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, முடியவில்லையே, நான் என்ன விசுவாசி என்று குற்ற உணர்ச்சிதான் வளர்ந்தது.

யோசேப்பின் கதையின் பிற்பகுதிதான் என்னைத் தேற்றியது. தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மார்கள் பல வருஷம் கழித்து, அவனை அடையாளம் தெரியாமல் வந்து நின்றபோது, உடனே அவன் கட்டிக்கொள்ளவில்லை. கடுமையாகப் பேசினான், சோதித்தான், இரண்டு தடவை விலகிப்போய் மறைவாக அழுதான். அதற்கப்புறம்தான் தான் யாரென்று சொன்னான். அவனுக்கே அவ்வளவு நாள் ஆனதென்றால் எனக்கும் ஆகட்டும் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். எடுத்தேன். உடம்பு எப்படி இருக்கு என்று மட்டும் கேட்டேன். வைத்த பிறகு அழுதேன்.