மடவை மீன் மூளையில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் தெரியவில்லை. எதிர்ப்பொருள் கெட்டுவிட்டதா?

மண்டபம் ஆய்வு மாணவி:
வணக்கம். நரம்பணுக்களில் டோப்பமின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் உருவாகும் முதல் படியை நடத்துகிற நொதி டைரோசின் ஹைட்ராக்சிலேஸ். எலியின் நொதிக்கு எதிராக முயலில் உண்டாக்கிய எதிர்ப்பொருளை (நொதியைப் பற்றிக்கொண்டு, சாயமேற்றும்போது அது இருக்கும் செல்லைப் பழுப்பாகக் காட்டும் புரதம்) உதவித்தொகைப் பணத்தில் வாங்கினேன். பார்சல் வந்தபோது பனிப்பைகள் உருகியிருந்தன. மடவையின் நடுமூளைச் சீவல்களில் மூன்று முறை சாயமேற்றியும் ஒரு நரம்பணுகூடத் தெரியவில்லை. ரத்தக் குழாய்களுக்குள் மட்டும் பழுப்புப் புள்ளிகள். ஒப்பிட்டுப் பார்க்க இங்கே எலி மூளை கிடையாது. இன்னொரு குப்பி வாங்க வழியும் இல்லை.

தொண்டிக்காரன்:
பனிப்பை உருகியதற்காகக் கலங்க வேண்டாம். ஓரிரு நாள் குளிர் குறைந்தால் எதிர்ப்பொருள் பெரும்பாலும் தாங்கும். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவதுதான் கெடுக்கும். உடனே சிறு குழாய்களில் பிரித்து வைத்துவிடுங்கள்.

கீழக்கரை அக்கா:
அன்புத் தங்கைக்கு, குப்பியைக் குறை சொல்லுமுன் தேடிய இடத்தைப் பாருங்கள். எலிக்கும் நமக்கும் டோப்பமின் நரம்பணுக்கள் நடுமூளையில் திரளாக இருக்கின்றன. எலும்பு மீன்களுக்கு அந்தத் திரள் அங்கே இல்லை. அதன் முன்னால், டயன்செஃபலானின் (முன்மூளையின் பின்பகுதி) அடிப்பகுதியில் இருக்கிறது. நுகர்ச்சிக் குமிழிலும் உண்டு. எனவே மூளையை முன்னிருந்து பின்வரை முழுதாகச் சீவுங்கள்.

எலி வேண்டியதில்லை. அதே மடவையின் தலைச் சிறுநீரகத்தை (சிறுநீரகத்தின் முன்பகுதி) எடுங்கள். மீனுக்கு அட்ரினல் தனிச் சுரப்பியாக இல்லை. அட்ரினலின் சுரக்கும் குரோமாஃபின் செல்கள் அங்கே பெரிய சிரையின் சுவரை ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றிலும் இதே நொதிதான். அங்கே நிறம் வந்தால் உங்கள் எதிர்ப்பொருள் மடவையின் நொதியை அடையாளம் காண்கிறது என்று நம்பலாம்.

குழாய்க்குள் தெரிந்த புள்ளிகள் ரத்தச் சிவப்பணுக்களாக இருக்கும்; எதிர்ப்பொருள் இல்லாமலே அவை சாயத்தைப் பழுப்பாக்கும். முதல் எதிர்ப்பொருளை, அதாவது நீங்கள் வாங்கிய முயல் எதிர்ப்பொருளை, விட்டுவிட்டு ஒரு ஸ்லைடு செய்யுங்கள். அதிலும் அவை வரும். தொடங்குமுன் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கும்.

ஒரு கேள்வி: மீன் எங்கே வாங்குகிறீர்கள்?

மண்டபம் ஆய்வு மாணவி:
ஏலக் கூடத்தில், அக்கா. ஆய்வகம் வந்து மண்டையோட்டைத் திறக்கும்போது மூளை கூழாகக் குழைகிறது.

கீழக்கரை அக்கா:
அதுவும் ஒரு காரணம். நம் வெயிலில் செத்த மீனின் மூளை விரைவில் சிதையும். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் கரைவலை இழுக்கும் நேரத்துக்குப் போய், உயிரோடு கேட்டு வாங்குங்கள். மயக்க மருந்தையும் திசு சிதையாமல் காக்கும் 4% பாராஃபார்மால்டிஹைடையும் ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்க் கரையிலேயே மூளையை எடுத்துப் போடுங்கள்.

மண்டபம் ஆய்வு மாணவி:
அக்கா, வந்துவிட்டது! சிரையைச் சுற்றி அடர்பழுப்பு வளையம். நுகர்ச்சிக் குமிழிலும் செல்கள். பின்மூளை தொடங்கும் இடத்தில் பக்கத்துக்கு ஏழெட்டுப் பெரிய செல்கள், நீண்ட இழைகளோடு. நுண்ணோக்கியை விட்டு எழ மனமே வரவில்லை. ஆனால் ஹைப்போதலாமஸில் (டயன்செஃபலானின் கீழ்ப்பகுதி), திரவம் நிறைந்த மூளை அறையின் ஓரம் வெறுமையாக இருக்கிறது.

கீழக்கரை அக்கா:
மிக்க மகிழ்ச்சி. அந்தப் பெரிய செல்கள் லோகஸ் செருலியஸாக இருக்க வேண்டும்; அவை நாரட்ரினலின் செல்கள், அதை உருவாக்கவும் இதே நொதி வேண்டும். டோப்பமின் என்று எண்ணிவிடாதீர்கள். ஹைப்போதலாமஸ் வெறுமையை "நொதி இல்லை" என்றும் எழுதிவிடாதீர்கள். ஸீப்ரா மீனில் இந்த நொதிக்கு இரண்டு மரபணுக்கள். பாலூட்டி நொதிக்கு எதிராகச் செய்த எதிர்ப்பொருள்கள் முதல் வகையைத்தான் பிடிக்கின்றன. அறையோரச் செல்களில் இருப்பதோ இரண்டாம் வகை. மடவையில் அதைத் தேட, அந்த மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வைக் காட்டும் முறைக்குப் போக வேண்டும். சாயமேற்றாத சீவல்களில் சிலவற்றை அதற்கென இன்றே உறையவைத்து விடுங்கள்.