பம்பு டைமர்: முப்பது நிமிடம் என்றால் எத்தனை நிமிடம்?

தலைவர் மாமா: நேற்றும் கோயில் தொட்டி வழிந்து மடப்பள்ளி வாசல் வரை தண்ணீர். பூஜைக்கு வந்தவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தம்பி, நீ செய்த டைமர் மாட்டினால் பம்பு முப்பது நிமிடத்தில் தானே நிற்கும் என்று சொன்னாயே அப்பா.

ஈப்போ தம்பி: வீட்டில் வைத்துப் பார்த்தபோது 31 நிமிடத்தில் நின்றது மாமா. பம்பு கொட்டகையில் மாட்டியதும் ஒரு நாள் 38, ஒரு நாள் 44, நேற்று நிற்கவே இல்லை.

மூலை வீட்டு அக்கா: நிற்காதது எனக்குத் தெரியாதா, நான்தான் ஓடிப்போய் சுவிட்சை அடைத்தேன்.

பினாங்கு அத்தை: என்ன போட்டிருக்கிறாய்?

ஈப்போ தம்பி: நேரம் அளக்கும் 555 ஐசி சிப் அத்தை. 12 வோல்ட், கரண்டைச் சேர்த்து வைக்க 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், அதை மெதுவாக நிரப்ப 1.6 மெகா ஓம் ரெசிஸ்டர். ரெண்டையும் பெருக்கி 1.1 மடங்கு வைத்தால் 1,760 வினாடி, ஏறக்குறைய அரை மணி நேரம்.

பினாங்கு அத்தை: அங்கேதான் வம்பு. 555ஐக் குறை சொல்ல மாட்டேன், 1972இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. ஆனால் அது சில வினாடி, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு நல்லது. நீ கட்டியதில் கப்பாசிட்டர் 8 வோல்ட்டைத் தொட்டால்தான் பம்பு நிற்கும், தொடப் போகும் நேரத்தில் அந்த 1.6 மெகா ஓம் வழியாக உள்ளே போவது வெறும் 2.5 மைக்ரோ ஆம்பியர், அவ்வளவு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரோ அதைவிட அதிகமாகவே கசியலாம், தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெயிலில் கசிவு இன்னும் ஏறும். ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் என்றைக்கு நிரம்பும்? போதாததற்கு அதன் மேல் எழுதியிருக்கும் 1000 என்பதே 20 சதவீதம் கூடலாம், குறையலாம்.

தலைவர் மாமா: எனக்கு ஓட்டைக் குடம் மட்டும் புரிந்தது தங்கச்சி.

பினாங்கு அத்தை: அது போதும் அண்ணே. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபது வருடம் ஐசி சோதித்த கை இது, சும்மா இருக்குமா.

மூலை வீட்டு அக்கா: ஆன்லைனில் ஒன்று வாங்கி மாட்டிவிடலாமே லா.

பினாங்கு அத்தை: வாங்கலாம். ஆனால் தம்பி பாதிக் கிணறு தாண்டிவிட்டான், விடு. தம்பி, நேரத்தை அளக்காதே, எண்ணு. அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக இருந்தபோது செம்பனைக் குலைக் குவியலைப் பார்த்து மதிப்புப் போட்டாரா? நோட்டில் கோடு போட்டுத்தான் எண்ணினார். கடிகாரக் கிரிஸ்டல் வினாடிக்கு 32,768 தடவை துடிக்கும். 4060 ஐசி அதைப் பதினான்கு தடவை பாதி பாதியாக்கும், கடைசிக் காலில் வினாடிக்கு ரெண்டு துடிப்பு வரும். அதை 4040இல் கொடு, அது துடிப்பை எண்ணும் ஐசி. அரை மணி நேரத்துக்கு எத்தனை துடிப்பு?

ஈப்போ தம்பி: 3,600.

பினாங்கு அத்தை: 4040இன் ஒவ்வொரு காலுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதில் 2048, 1024, 512, 16 எடு. கூட்டிப் பார்.

ஈப்போ தம்பி: அட, 3,600! நாலு கால், நாலு டயோடு, ஒரு ரெசிஸ்டர். நாலு காலும் ஒன்றாக மேலே வந்தால் பம்பை ஓட்டும் ரிலே சுவிட்ச் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதானா?

பினாங்கு அத்தை: அவ்வளவுதான். 5 வோல்ட்டில் ஓட்டு, 12 கொடுத்தால் அந்தக் குட்டிக் கிரிஸ்டல் தாங்காது. 10, 11ஆம் கால்களுக்கு நடுவே 10 மெகா ஓம் மறக்காதே, இல்லாவிட்டால் துடிக்கவே துடிக்காது. சும்மா கிடக்கும் இன்புட் கால்களைத் தொங்க விடாதே. நைலான் சட்டை போட்டுக்கொண்டு ஐசியைத் தொடாதே.

கடை அண்ணன்: வீட்டுக் கரண்டே வினாடிக்கு 50 தடவைதானே, அதை எண்ணினால் கிரிஸ்டல் எதற்கு?

பினாங்கு அத்தை: எண்ணலாம், அந்தக் காலத்தில் நிறைய கடிகாரம் அப்படித்தான் ஓடியது. இங்கே பம்பு புறப்படும்போது லைனில் வரும் குதிப்பையும் சேர்த்து எண்ணிவிடும்.

மூலை வீட்டு அக்கா: கரண்டு போய் வந்தால்? நம் ஊரில் இடி இடித்தாலே போகிறது.

பினாங்கு அத்தை: நல்ல கேள்வி. 4040 கண் விழிக்கும்போது எந்த எண்ணில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கரண்டு வந்ததும் ரெண்டு ஐசியையும் பூஜ்யத்துக்குத் தள்ள ஒரு சின்ன கப்பாசிட்டர் வை. அப்புறம் ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்திலேயே ரிலேயின் ஒரு காண்டாக்ட், பட்டனை விட்ட பிறகும் ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளட்டும். கரண்டு போனால் எல்லாம் செத்துவிடும், யாராவது வந்து அழுத்தினால்தான் ஓடும். பம்பு பக்கத்து 230 வோல்ட்டை நீ தொடாதே, வயர்மேனைக் கூப்பிடு.

ஈப்போ தம்பி: சரி அத்தை. கிரிஸ்டல்கூட கையில் இருக்கிறது, பழைய சுவர்க் கடிகாரத்தில் கழற்றினேன்.

மூலை வீட்டு அக்கா: எந்தக் கடிகாரம்???

ஈப்போ தம்பி: உங்கள் வீட்டு வாசலில் கிடந்தது அக்கா. ஓடவில்லையே.

மூலை வீட்டு அக்கா: பேட்டரி தீர்ந்துபோயிருந்தது!! துடைக்கத்தான் வெளியே வைத்தேன்.

— சனிக்கிழமை —

ஈப்போ தம்பி: வயர்மேன் மாட்டிவிட்டார். மூன்று தடவை பார்த்தேன், கைப்பேசியில் 30:00, 30:00, 30:00. கொட்டகை கொதிக்கிறது, அப்படியும் அசையவில்லை.

தலைவர் மாமா: தொட்டி?

மூலை வீட்டு அக்கா: ஏணி போட்டுப் பார்த்தேன். வழியவில்லை, நிரம்பவும் இல்லை. ஆறில் ஒரு பங்கு காலி.

ஈப்போ தம்பி: அப்படியானால் 36 நிமிடம் வேண்டும். 4,320 துடிப்பு. 4040 ஆனால் 4,095க்கு மேல் எண்ணாது அத்தை 😭

பினாங்கு அத்தை: அழாதே. நடுவே ஒரு 4013 ஐசி போட்டு இன்னொரு தடவை பாதியாக்கு, வினாடிக்கு ஒன்று. 2,160. அதாவது 2048, 64, 32, 16. அதே நாலு டயோடு, ரெண்டை மட்டும் இடம் மாற்று.

ஈப்போ தம்பி: ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், முப்பது நிமிடம் என்பது என் கணக்கு இல்லை. தொட்டி முப்பதில் நிரம்பும் என்று மாமாதான் சொன்னார்.

தலைவர் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மூலை வீட்டு அக்கா: நான் படித்துவிட்டேன் அண்ணே 😂