மறு: கோ-பெலிஜரன்ட் – இணைப்போர் நாடா, உடன்போர் நாடா?

> 'இணைப்போர் நாடு' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

பொது எதிரியோடு இன்னொரு நாட்டுடன் சேர்ந்து போரிடும் நாடுதான் கோ-பெலிஜரன்ட் (co-belligerent); கூட்டணி கட்டாயமில்லை. அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் சொல்வது சுருக்கம்தான் ஐயா. ஆனால் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். 'இரு தரப்பையும் இணைப்போர்' என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, சமரசம் பேச வந்த நாடு போலத் தெரியும். போரில் குதித்த நாட்டுக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடைக்காது.

'துணைப்போர் நாடு' வேறு காரணத்தால் ஒத்துவரவில்லை. துணை என்றாலே ஒருவர் முதன்மை, மற்றவர் அவருக்குக் கீழே. இரண்டாம் உலகப் போரில் பின்லாந்து மறுத்ததே அதைத்தான். 1939–40 குளிர்காலப் போரில் கரேலிய நிலத்தைச் சோவியத் ஒன்றியத்திடம் பறிகொடுத்த நாடு அது. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியதும் சில நாட்களில் தானும் இறங்கியது. ஆனால் இது எங்கள் தனிப்போர், ஜெர்மனியோடு கூட்டணி இல்லை என்று சாதித்தது. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் செய்துகொண்ட முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடவில்லை. அதே சமயம் வட பின்லாந்தில் ஜெர்மன் படை நின்றது. ஆயுதமும் தானியமும் ஜெர்மனியிலிருந்துதான் வந்தன! பிரிட்டன் இந்த விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை, 1941 டிசம்பரில் பின்லாந்து மீது போர் அறிவித்தது. அமெரிக்கா கடைசிவரை அறிவிக்கவில்லை. 1944 செப்டம்பரில் மாஸ்கோவோடு போர்நிறுத்தம். அப்புறம் வடக்கே லாப்லாந்திலிருந்த ஜெர்மானியரை விரட்ட இன்னொரு போர்.

இத்தாலி கதை நேர்மாறு. ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்த அது, நேச நாடுகளிடம் சரணடைந்தபின் 1943 அக்டோபர் 13 அன்று ஜெர்மனி மீது போர் அறிவித்தது. நேற்றுவரை எதிரியாக இருந்ததை 'நேச நாடு' என்று அழைக்க மனமில்லாமல்தான் நேச நாடுகள் அதற்குக் கோ-பெலிஜரன்ட் என்ற தகுதியைக் கொடுத்தன. ஆகவே நேசம், கூட்டணி, துணை எதுவும் நம் சொல்லில் ஒட்டக்கூடாது. சேர்ந்து சண்டையிடுவது மட்டும் தெரிந்தால் போதும். என் ஓட்டு 'உடன்போர் நாடு'.

> பெலாரஸையும் இதில் சேர்க்கலாமா?

நான் சேர்க்க மாட்டேன். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் தலைநகர் கீவ் நோக்கிப் போன ரஷ்யப் படை பெலாரஸ் மண்ணிலிருந்துதான் புறப்பட்டது. பெலாரஸ் ராணுவம் எல்லை தாண்டவில்லை. அதனால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. ஐ.நா. பொதுச்சபையின் 1974ஆம் ஆண்டுத் தீர்மானம் 3314, மூன்றாம் நாட்டைத் தாக்கத் தன் மண்ணைக் கொடுப்பதையும் ஆக்கிரமிப்புச் செயலாகவே கணக்கில் வைக்கிறது. அதற்குக் 'களம் தந்த நாடு' என்று நேராகச் சொல்லலாம். வட கொரியா அப்படியல்ல. 2024 ஜூனில் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டது, பிறகு ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குத் தன் வீரர்களையே அனுப்பியது, 2025 ஏப்ரலில் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தது. உடன்போர் நாடு என்றால் இதுதான். உக்ரைனுக்கு டாங்கி கொடுத்த போலந்து இரண்டிலும் வராது, மாஸ்கோ என்ன சொன்னாலும் சரி. நம் செய்தித்தாள்களோ மண், ஆள், ஆயுதம் மூன்றையும் 'ராணுவ உதவி' என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகின்றன.

ஒரு சிக்கல் உண்டு. 'பின்லாந்து உடன்போர்' என்று நிறுத்தினால் 'பின்லாந்துடன் போர்' என்று பொருள் தலைகீழாகும். அதனால் 'நாடு', 'நிலை' என ஏதாவது ஒன்று பின்னால் வந்தே தீர வேண்டும். 'உடன்போர்' என்பதை எங்கும் பிரித்து எழுதவும் கூடாது. வினையாக வரும் இடத்தில் 'உடன்பொருதல்' சரிப்படுமா? எனக்குக் கொஞ்சம் பண்டிதத்தனமாகப் படுகிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.