ஹங்கேரி தெருப் பலகைகளிடம் மாட்டியவர்கள் சொல்லுங்கள்

தேரடி:
புடாபெஸ்ட் போனவர்களுக்கு அந்த நீலப் பலகை தெரிந்திருக்கும். வெள்ளை அம்பு, அம்புக்குள்ளேயே 'எட்யிரான்யூ உத்சா' என்று எழுத்து. என் மச்சான் வாடகைக் காரை நிறுத்திவிட்டு, மறந்துவிடக் கூடாதே என்று அதை எழுத்துப் பிசகாமல் சீட்டில் குறித்துக்கொண்டார். உத்சா என்றால் தெரு என்று அவருக்குத் தெரியும். அந்த அரைகுறைதான் வம்பே. ராத்திரி டாக்ஸிக்காரரிடம் சீட்டை நீட்டினோம். படித்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி படித்தார். அப்புறம் சிரிக்காமல் எதிர்த்த தெருவைக் கைகாட்டினார். அதே பலகை. அடுத்த தெருவைக் காட்டினார். அங்கேயும் அதே. அந்த எழுத்துக்கு அர்த்தமே ஒருவழிப் பாதையாம்! பலகை வைத்தவன்மேல்தான் தப்பு என்று மச்சான் இன்னும் சாதிக்கிறார்.

சந்தேகப்பிராணி:
இது பழைய ஜோக் ஆச்சே தேரடி. ஜெர்மனி போய்வந்தவர்களும் 'ஐன்பான்ஷ்ட்ராஸ' என்று இதையேதான் சொல்வார்கள். சரி, நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். என் கதை சின்னது. சாப்பாட்டுக் கடையில் கழிப்பறைக் கதவு ஒன்றில் 'எஃப்', மற்றதில் 'என்'. ஃபீமேல்தானே என்று வீட்டுக்காரி எஃப்-க்குள் போனாள், போன வேகத்தில் திரும்பினாள். 'ஃபேர்ஃபி' என்றால் ஆண்களாம். உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த தாத்தா குனிந்து வணக்கம் வேறு வைத்தாராம்.

வழிப்போக்கி:
ஜோக்கோ நிஜமோ, நீங்கள் எல்லாரும் பலகையை அரைகுறையாகப் படிக்கிறீர்கள். நான் பெத்தோஃபி உத்சா தேடி நகரத்தின் தப்பான கோடிக்குப் போனேன், அவ்வளவுதான். ஏன் தெரியுமா? 1950இல் சுற்றியிருந்த ஊர்களைப் புடாபெஸ்டோடு சேர்த்தார்கள். கிட்டத்தட்ட ஒவ்வோர் ஊரிலும் கவிஞர் பெத்தோஃபி பேரில் ஒரு தெரு, தலைவர் கோஷூத் பேரில் ஒரு தெரு ஏற்கெனவே இருந்தது. அதனால் தெருப் பெயர் மட்டும் போதாது. பலகையில் ரோமன் எண் இருக்கும், அதுதான் மாவட்டம். மொத்தம் 23. அஞ்சல் எண் கையில் இருந்தால் இன்னும் சுலபம்: 1052 என்றால் நடுவிலுள்ள 05, ஐந்தாவது மாவட்டம். 'தேர்' என்றால் சதுக்கம், 'உத்' என்றால் சாலை, 'கொருத்' வட்டச்சாலை, 'ஹீத்' பாலம். பலகையைப் படம் எடுங்கள், சீட்டில் எழுதாதீர்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தையும் நம்பாதீர்கள். அதில் மாஸ்கோ சதுக்கம் என்றிருப்பது 2011இலிருந்து செல் கால்மான் சதுக்கம். அப்புறம் ரயில்: கிழக்கு நிலையம் என்று பேர், வியன்னாவிலிருந்து வருகிற ரயில் அங்கேதான் நிற்கும். வியன்னா இருப்பது மேற்கே!

சந்தேகப்பிராணி:
வழிப்போக்கி, யாராவது வழி கேட்டார்களா?

கோமதி:
சண்டை வேண்டாம், நான் மாவு கதை சொல்கிறேன். இசைமேதை லிஸ்ட் பேரில் விமான நிலையம், சதுக்கம், இசைக் கல்லூரி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனோம். ஒரு அலமாரி முழுக்க வெள்ளைக் காகிதப் பொட்டலங்கள், எல்லாவற்றிலும் 'லிஸ்ட்'. ஹங்கேரியில் மாவுக்கு அதுதான் பேர். என் பையன் ஒரு கிலோ பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, "இவர் மைதா மில்லும் வைத்திருந்தாராம்மா?" என்றான். பில் போடுகிற பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை, அவன் பியானோ வாசிப்பதுபோல் பொட்டலத்தில் விரலாட்டியது புரிந்துவிட்டது. வரிசையே நின்றது.