தலைவலிக்குப் போனேன், டாக்டர் அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார்

கேத்திக்காரன்:
போன மார்கழி. ஊட்டிக் குளிரை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உப்பு கொட்டினது போல வெளுத்துக் கிடந்த வாரம். நாலு நாளாகக் காலையில் மண்டை பிளக்கிற வலி. சைனஸ் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். வயதான டாக்டரம்மா. ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் வைத்தார்.

"வீட்ல வேற யாருக்காவது தலைவலி இருக்கா?"

"அம்மாவுக்கும் இருக்கு. குமட்டல் வேற."

"வெளியே வந்தா குறையுதா?"

யோசித்தால், பஸ் ஏறுவதற்குள் குறைந்துவிடும்தான்.

"ராத்திரி கரி நெருப்பு உள்ளே வைக்கிறீங்களா?"

ஆமாம், புகையே வராத நல்ல கரி என்று பெருமையாக வேறு சொன்னேன். பாதி எழுதிய சீட்டின் மேல் பேனாவை வைத்துவிட்டார். "அம்மாவுக்குப் போன் போடுங்க."

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அவர் கை மேசை விளிம்பைப் பிடித்தபடி இருந்தது. மூன்றாவது தடவை எடுத்ததும் போனை என்னிடமிருந்து வாங்கி, "அம்மா, முதல்ல ஜன்னலைத் திறங்க, அப்புறம் பேசலாம்" என்றார். "குளிருமே டாக்டர்" என்று அம்மா சொன்னது எனக்கே கேட்டது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என் தம்பி இப்படித்தான் போனான். அந்த ரூம்லயும் புகையே இல்லை" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஃபீஸ் எவ்வளவு மேடம்?"

வெண்மேகம்:
அதெல்லாம் சரி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரா இல்லையா? அதைச் சொல்லாமல் கதை சொல்கிறீர்கள். கொடைக்கானலில் எங்களுக்கும் இதேதான். விரலில் கிளிப் மாட்டி, ஆக்சிஜன் 98 காட்டுது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரியும் அதே அறையில்தான் தூங்கினோம். எல்லா டாக்டரும் உங்கள் டாக்டரம்மா இல்லை.

ராமு மாமா:
எனக்குப் பெரிய அனுபவம் ஒன்றும் இல்லை. குன்னூரில் கேஸ் கீசர் போட்டுக் குளிக்கும்போது மயங்கி விழுந்தேன், டாக்டர் என் மனைவியைத் திட்டினார், அவ்வளவுதான்.

வெண்மேகம், அந்த 98-ஐ நம்பக் கூடாது. மூடிய அறையில் கரியோ கேஸோ எரிந்தால் வருகிற விஷவாயுதான் கார்பன் மோனாக்சைடு. அது ஒட்டிய ரத்தத்தையும் அந்தக் கிளிப் ஆக்சிஜன் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். தனியாக ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டும் சனியன் அது. நிறமில்லை, மணமில்லை. புகை வராத கரிதான் ஆளை ஏமாற்றும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் மாத்திரை தேடாதீர்கள், வாசலுக்கு ஓடுங்கள். வெந்நீர்ப் பை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பளிக்குள் ஒரு பருத்திப் போர்வை. காதையும் மூடுங்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள்; நான் இன்னும் மாற்றவில்லை, மாற்றுவேன்.

ஸ்காபரோவில் இருந்து:
இது டொக்டர் பற்றின கதையோ, கரி பற்றினதோ? நான் கை வெடிப்புக்குப் போனனான், போன தை மாதம், வெளியில மைனஸ் 20. கிறீம் எழுதித் தருவா எண்டு பார்த்தால், கையைப் பிடிச்சபடியே "நித்திரை வருதோ? ஆரோட இருக்கிறீர்?" எண்டு கேட்டா. தனியத்தான் எண்டு சொல்ல வாயெடுத்தன், அழுகைதான் வந்தது. வெளியில பத்துப் பேர் காத்திருந்தவை. கதவைச் சாத்திப்போட்டு இருந்தா. கிறீமின்ர பேர் இப்ப ஞாபகம் இல்லை.

கேத்திக்காரன்:
வெண்மேகம், அனுப்பினார். அன்றைக்கே இரண்டு பேருக்கும் மாஸ்க் வைத்தார்கள். அம்மா மாஸ்க்குக்குள்ளிருந்தே ஜன்னல் திறந்து கிடப்பதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழித்து, அம்மா கொடுத்தனுப்பிய வர்க்கியோடு கிளினிக்குக்குப் போனேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அம்மா இப்போது எத்தனை கம்பளி போர்த்திக்கொள்கிறார் என்று கேட்டார். மூன்று என்றேன். தம்பியைப் பற்றி அப்போதும் நான் கேட்கவில்லை.