பழைய மஹிந்திரா ஜீப்புக்கு குஜ்ரியில் (பழைய வண்டிச் சாமான் சந்தை) எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது?

செங்கல்மண் (பெங்களூரு)
வணக்கம். வண்டி 1992 மஹிந்திரா எம்.எம். 540, பெஜோ டீசல், ஃபோர் வீல் ஒழுங்கா வேலை செய்யுது. முன்னாடி 6.00-16 டயர், இப்போ 15 இன்ச் ரிம்ல 235/75 போட்டிருக்கு. சக்லேஷ்பூர் பக்கம் எஸ்டேட் ரோடுதான் அதிகம். நின்ன இடத்துல ஸ்டியரிங் அசைய மாட்டேங்குது. நாலு பக்கமும் டிரம் பிரேக். ஹெட்லைட் இருக்குன்னு பேருக்கு எரியுது. கையில 40 ஆயிரம். சிவாஜிநகர் குஜ்ரியில பொலேரோ பவர் ஸ்டியரிங், ஆல்டர்னேட்டர், முழு ஆக்ஸில் எல்லாம் குவிஞ்சு கிடக்கு. எதை எடுக்கலாம், எதுல ஏமாறுவோம்? வேலையை நானும் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரும் சேர்ந்து செய்யப்போறோம்.

டிராப்ஆர்ம்
ஸ்டியரிங்ல இருந்து ஆரம்பிக்கிறேன், பாதி பணம் அதுக்குத்தான் போகும். ஸ்டியரிங் பாக்ஸை மட்டும் தூக்கிட்டு வந்துடாதீங்க. ஒரே வண்டியில கழட்டின பாக்ஸ், டிராப் ஆர்ம் (பாக்ஸ்ல இருந்து வெளிய வந்து சக்கரத்தைத் திருப்புற கை), ஸ்டியரிங் காலம்ல இருந்து பாக்ஸுக்கு இறங்குற ஷாஃப்ட், அதோட யூனிவர்சல் ஜாயிண்ட், பம்ப், புல்லி, ஆயில் டப்பா எல்லாம் செட்டா கேளுங்க. ஷாஃப்ட்டோட ஸ்ப்ளைன் பல்லு வண்டிக்கு வண்டி மாறும். தனித்தனியா தேட ஆரம்பிச்சா லேத் பட்டறைக்கு கொடுக்குற காசுல மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி உங்க வண்டிக்கு கீழ படுத்துப் பாருங்க. டிராப் ஆர்ம் முன்னும் பின்னுமா ஆடுதா, இடமும் வலமுமாவா? ஸ்டியரிங் வீலை வலதுக்குத் திருப்பினா ஆர்ம் எந்தப் பக்கம் போகுது? ரெண்டையும் போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. கடையில பாக்ஸைக் கையில பிடிச்சு ஷாஃப்ட்டை வலதுக்குத் திருப்பி அதே திசையான்னு ஒப்பிடுங்க. திசை மாறினா வலதுக்குத் திருப்ப வண்டி இடதுக்குப் போகும். அந்த பாக்ஸ் எவ்வளவு சல்லிசா இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரை ஷாஃப்ட்டைக் கையால சுத்துங்க. நடுவுல மட்டும் இறுகினா, பிளே (தேய்மான ஆட்டம்) தெரியாம இருக்க மேல இருக்கற அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை முறுக்கி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஸ்க்ரூவைச் சுத்தி புதுசா பளபளன்னு ஸ்பேனர் தடம் இருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. டிராப் ஆர்ம் மாட்டுற தண்டுல சீல் உக்கார்ற இடத்தை நகத்தால வருடுங்க. துருக்குழி நகத்துல தட்டினா புது சீல் கிட் போட்டாலும் ஒழுகும்.

மாட்டும்போதுதான் பெரிய தப்பு நடக்கும். வண்டியோட பழைய சட்டத்துல (சேஸிஸ்) நேரா ஓட்டை போட்டு பாக்ஸை முடுக்கினா, பவர் ஸ்டியரிங் தள்ளுற வேகத்துக்கு ஒரு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள ஓட்டையைச் சுத்தி விரிசல் விடும். 6 மி.மீ. பிளேட் சட்டத்துமேல வெச்சு வெல்ட் பண்ணுங்க. பிளேட்டோட ரெண்டு முனையையும் சரிவா வெட்டணும். செங்குத்தா வெல்டிங் கோடு விழுந்தா சட்டம் சரியா அந்தக் கோட்டுலதான் உடையும். நாலு பக்கமும் மூடின பெட்டிச் சட்டமா இருந்தா போல்ட் போற ஓட்டைக்குள்ள ஸ்லீவ் குழாய் விட்டு வெல்ட் பண்ணுங்க, இல்லேன்னா முடுக்க முடுக்க சட்டம் நசுங்கி போல்ட் லூஸாகிட்டே இருக்கும். போல்ட்டு எஸ்.ஜே.பி. ரோட்டுல புதுசா வாங்குங்க, தலையில 8.8 அல்லது 10.9 பொறிச்சிருக்கணும்.

பொலேரோவோட பம்ப் பிராக்கெட் பெஜோ இன்ஜின் பிளாக்ல உக்காராது. 8 மி.மீ. பிளேட்ல புதுசா அடிச்சு, நேர்க்கட்டை வெச்சு புல்லி மூணும் ஒரே கோட்டுல நிக்குதான்னு பாருங்க. ரெண்டு மி.மீ. தள்ளி நின்னாலே பெல்ட் கத்தும், அப்புறம் நார் நாராப் பிரியும். டிராப் ஆர்மைச் சூடு பண்ணி வளைக்கறது, வெட்டி ஒட்டறது எதுக்கும் சம்மதிக்காதீங்க. ஆர்ம் ஓட்டையோட டேப்பர் (சரிவு) ஒத்துவரலேன்னா அதுக்கேத்த டிராக் லிங்க் எண்ட் (ஆர்மோட சேர்ற ராடோட முனை) தேடணும், வேற வழி கிடையாது. டை ராட் எண்ட், ஹோஸ், சீல் எல்லாம் ஜெ.சி. ரோட்டுல புதுசுதான்.

பன்னெண்டு வோல்ட்
ஹெட்லைட்டுக்காக ஆல்டர்னேட்டர் வாங்கப்போறீங்கன்னா கொஞ்சம் பொறுங்க. லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொண்ணை பல்பு டெர்மினல்லயும் வைங்க. ஒரு வோல்ட்டுக்கு மேல காட்டினா குற்றவாளி வயரிங்தான். வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும். குஜ்ரியில நசுங்கின எந்த மாருதியோட ஃபியூஸ் பாக்ஸுலயும் நாலு முள் ரிலே கிடைக்கும். ரெண்டு எடுங்க, ஹைக்கு ஒண்ணு, லோக்கு ஒண்ணு. பேட்டரியில இருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியா 2.5 சதுர மி.மீ. வயர் 30-ம் நம்பர் முள்ளுக்கு, 87-ல இருந்து பல்புக்கு. பழைய சுவிட்ச் வயர் 86-க்கு, 85 எர்த். எர்த்தை பெயின்ட் சுரண்டின இடத்துல முடுக்கணும். 60 வாட் பல்பு ரெண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர்தான், ரிலேவுக்கு சுலபமான வேலை.

வின்ச் (வண்டியை இழுக்குற மோட்டார்) போடப்போறீங்க, எக்ஸ்ட்ரா லைட் போடப்போறீங்கன்னா மட்டும் பெரிய ஆல்டர்னேட்டர். அப்போ ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. பல டீசல் வண்டியில பிரேக் பூஸ்டருக்கு (பெடலை லேசாக்குற அமைப்பு) வேக்குவம் கொடுக்குற பம்ப் ஆல்டர்னேட்டரோட முதுகுலயே இருக்கும். விலை குறைச்சல்னு பெட்ரோல் கார் ஆல்டர்னேட்டரை மாட்டினா பெடல் கட்டையாயிடும், எந்த எச்சரிக்கை லைட்டும் எரியாது. பம்ப் இருக்கறதை வாங்கினாலும் சுத்துற திசை உங்க இன்ஜினோட ஒத்துப்போகணும். ஆயில் வெளியேறுற பெரிய ஹோஸ் அடைப்பு இல்லாம சம்ப் (இன்ஜின் அடி ஆயில் தொட்டி) வரைக்கும் இறங்கணும், அடைச்சா ஆயில் ஆல்டர்னேட்டருக்குள்ள போயிடும்.

இன்னொண்ணு டேஷ்போர்டு ஆம்மீட்டர். பழைய ஜீப்புல சார்ஜிங் கரண்ட் முழுக்க அந்த மீட்டரோட ரெண்டு போல்ட்டு வழியாத்தான் போகும். 35 ஆம்பியருக்குப் போட்ட வயர்ல 75 ஆம்பியரை விட்டா டேஷ்போர்டுக்குப் பின்னாடி புகையும். அதைக் கழட்டி விட்டுட்டு, ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரிக்கு 16 சதுர மி.மீ. வயர் நேரா, பேட்டரி பக்கம் 80 ஆம்பியர் ஃபியூஸ். மீட்டர் இடத்துல வோல்ட்மீட்டர் போதும்.

செங்கல்மண்
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்போ ஆல்டர்னேட்டர் லிஸ்ட்ல இருந்து போச்சு, ரிலே மட்டும். ஹைவேல 70-க்கு மேல இன்ஜின் அலறுது. பொலேரோ ஆக்ஸில் போட்டா சரியாகும்னு மெக்கானிக் சொல்றார். பின்னாடி மட்டும் மாத்தினா போதுமா?

ஃபோர்_லோ
பின்னாடி மட்டும் மாத்தவே கூடாது. முன்னும் பின்னும் கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள்ள இருக்கற பல்சக்கர ஜோடி) ரேஷியோ ஒண்ணா இல்லாம ஃபோர் வீல் போட்டா, ரெண்டு ஆக்ஸிலும் ஒண்ணையொண்ணு இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கற பெட்டி) பல்லு போயிடும். சேறுல சறுக்கித் தப்பிச்சுக்கும், காய்ஞ்ச ரோட்டுல தப்பிக்காது.

ரேஷியோவை ஹௌசிங்கைத் திறக்காமலே எண்ணலாம். ஒரு பக்க டிரம் அசையாம ஒருத்தர் பிடிச்சுக்கணும். இன்னொரு டிரம்மை சாக்பீஸ்ல குறி போட்டு சரியா ரெண்டு சுத்து சுத்துங்க. பினியன் ஃபிளாஞ்ச் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டுற தட்டு) எத்தனை சுத்துச்சோ அதுதான் ரேஷியோ. ஐஞ்சு சுத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா நின்னா 39-க்கு 8, அதாவது 4.88. ஐஞ்சைத் தாண்டி மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட நின்னா 43-க்கு 8, 5.38. முதல்ல உங்க வண்டியில ஒரு வீலை மட்டும் ஜாக்கி வெச்சு, கியர் நியூட்ரல்ல, ஃபோர் வீல் எடுத்துவிட்டு இதே மாதிரி எண்ணுங்க. மத்த வீல்களுக்குக் கட்டை கொடுத்துக்கோங்க.

235/75 ஆர் 15 டயர் உயரம் சுமார் 73 செ.மீ., பழைய 6.00-16-ம் கிட்டத்தட்ட அதேதான். அதனால டயர் மாத்தினதால இன்ஜின் அலறல. டாப் கியர் நேரடியா (1-க்கு 1) இருக்கற வண்டியில 3000 ஆர்.பி.எம்.க்கு 4.88-ல மணிக்கு சுமார் 85 கி.மீ., 4.27 ரேஷியோ ஆக்ஸில் போட்டா 97. அந்த 12 கி.மீ.க்காக லோ கியர்ல மேடு ஏறுற சக்தியை விட்டுக்கொடுக்கணும். எஸ்டேட் ரோட்டுக்குப் போற வண்டிக்கு இது நஷ்ட வியாபாரம்னு நான் நினைக்கிறேன்.

ரிம் வாங்கினாலும் அளந்து வாங்குங்க. ஜீப்போட அஞ்சு போல்ட்டுக்கு பி.சி.டி. (போல்ட் மையங்கள் வழியா போற வட்டத்தோட விட்டம்) 139.7 மி.மீ. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளோட மையத்துக்கு மையம் 82 மி.மீ. வந்தா சரி.

கட்டைபெடல்
எல்லாரும் ஸ்டியரிங், லைட்டுன்னு போயிட்டீங்க. டிராப்ஆர்ம் பாதி பணத்தை ஸ்டியரிங்குக்கு ஒதுக்கறதை நான் ஒத்துக்கமாட்டேன். மலை இறக்கத்துக்குப் போற வண்டி, பிரேக் முதல்ல. குஜ்ரி டிஸ்க் செட்டைப் பார்த்து ஆசைப்படாதீங்க. ஹப், நக்கிள் (முன் சக்கரம் திரும்புற தாங்கி), பேரிங் மூணும் ஒத்துப்போகணும். ஒத்துப்போனாலும் டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்ல, லைன்ல கொஞ்சம் பிரஷர் பிடிச்சு வைக்கிற வால்வு இருந்தா, டிஸ்க்ல பேட் ஒட்டிக்கிட்டே ஓடி சூடாகும். இருக்கற டிரம்மைக் கடைஞ்சு, புது லைனிங், புது வீல் சிலிண்டர், புது ஹோஸ் போட்டாலே பெடல் மாறிடும்.

பூஸ்டர் இல்லாத வண்டின்னா அதை மட்டும் பழசு வாங்கலாம். மாஸ்டரைக் கழட்டச் சொல்லி பூஸ்டருக்குள்ள விரல் விட்டுப் பாருங்க. பிரேக் ஆயில் ஈரம் இருந்தா டயஃப்ரம் ஊறிப் போயிருக்கும், விட்டுடுங்க. மாட்டும்போது புஷ் ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவுல சுமார் ஒரு மி.மீ. இடைவெளி விடணும். விடலேன்னா பத்து கிலோமீட்டர்ல நாலு வீலும் இறுகிக்கும். சீட் பெல்ட்டு மட்டும் எக்காரணம் கொண்டும் பழசு வேண்டாம், ஆக்சிடென்ட்ல ஒரு தடவை இழுபட்டது மறுபடி தாங்காது.

டிராப்ஆர்ம்
கட்டைபெடல் சொன்ன வரிசை சரி. பிரேக் முடிச்சுட்டு மிச்சத்துக்கு ஸ்டியரிங், பணம் பத்தலேன்னா பாக்ஸ் அடுத்த வருஷம்.

பேப்பர் விஷயம் ஒண்ணு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல கொடுத்த தீர்ப்புக்கு அப்புறம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாத்தறதை ஆர்.டி.ஓ. கறாரா பார்ப்பாங்க. உங்க வண்டி 15 வருஷம் தாண்டினது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி.க்கு (தகுதிச் சோதனை) நிக்கணும். பாக்ஸ் மாத்தறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ.வுல எழுத்துல கேட்டுக்கோங்க. இன்ஜினோ சேஸிஸ் சட்டத் துண்டோ யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், நம்பர் பொறிச்ச சாமான் திருட்டு வண்டியோடதா இருந்தா பதில் சொல்லவேண்டியது நீங்க. மத்ததுக்கும் கடைப் பேரோட பில் வாங்குங்க. திரும்பக் கொடுக்கலாமான்னு பில்லுலயே எழுதச் சொல்லுங்க, ஒரு வாரம்னு எழுதித் தர்ற கடைகள் உண்டு.

ஸ்டியரிங் மாட்டின அன்னிக்கு உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. முன் வீல் ரெண்டையும் தூக்கி, டெக்ஸ்ரான் ஏ.டி.எஃப். (பவர் ஸ்டியரிங் ஆயில்) ஊத்தி, இன்ஜின் ஆஃப்லயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 15, 20 தடவை திருப்புங்க. டப்பாவுல குமிழி நின்னப்புறம் ஐட்லிங்ல விட்டு மறுபடி திருப்புங்க. ஆயில் பால் மாதிரி வெளுத்தா காத்து இன்னும் இருக்கு, அரை மணி நேரம் ஆறவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கணும். கடைசிக் கோடியில அஞ்சு செகண்டுக்கு மேல அழுத்திப் பிடிக்காதீங்க, பம்ப் போயிடும்.