பொருள்: சிவிலியன் கன்ட்ரோல் – ‘குடிமைக் கட்டுப்பாடு’ போதுமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். படைத்துறை மீதான சிவிலியன் கன்ட்ரோலுக்கு, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் ஆணைக்குப் படை உட்பட்டிருப்பதற்கு, ‘குடிமைக் கட்டுப்பாடு’ என்று நம் குழுமத்தில் ஐயா ஒருவர் பரிந்துரைத்திருப்பது எளிய சொல்தான். ஆனால் தில்லியில் இருந்துகொண்டு அதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. குடிமைப் பணி என்றாலே ஐ.ஏ.எஸ். என்று தமிழில் நிலைத்துவிட்டதால், இச்சொல்லை அதிகாரிகளின் கட்டுப்பாடு என்றே வாசகர் கொள்வார். ராணுவத்தார் இங்கே நெடுங்காலமாகச் சொல்லிவந்த குறையும் அதுவே: தங்களை ஆள்வது தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரா, அவருக்குப் போகும் கோப்பில் குறிப்பெழுதும் இணைச் செயலரா என்பது. முப்படைத் தலைமைத் தளபதியையே செயலராகக் கொண்டு 2020 ஜனவரியில் ராணுவ விவகாரத் துறை அமைந்த பிறகுதான் அக்கோப்புகளில் ஒரு பகுதி சீருடையாளர் கைக்கு வந்தது. இந்தப் பழைய வழக்கில் கலைச்சொல் ஒரு தரப்புக்குச் சாட்சி சொல்லக் கூடாது.

‘பொதுமக்கள் கட்டுப்பாடு’ வேண்டவே வேண்டாம். தடியடிச் செய்தி போல ஒலிக்கிறது.

‘கட்டுப்பாடு’ என்பதும் இடறுகிறது. கட்டுப்பாடான படை என்றால் ஒழுங்கான படை என்றுதான் பொருள். நாம் கேட்பதோ யாருடைய ஆணை இறுதியானது என்பதை. சிலியில் 1990இல் அதிபர் பதவியை விட்டிறங்கிய ராணுவ ஆட்சியாளர் பினோசே, 1998 வரை தரைப்படைத் தளபதியாக நீடித்தார். அரசுச் செம்பு நிறுவனத்தின் ஏற்றுமதி வருவாயில் 10 விழுக்காடு படைக்கென்றே ஒதுங்கியது, அதற்கான சட்டம் 2019இல்தான் நீக்கப்பட்டது. மியான்மரின் 2008 அரசமைப்போ நாடாளுமன்ற இடங்களில் நான்கில் ஒன்றைப் படைக்கு ஒதுக்கியதோடு, பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்றுக்கும் அமைச்சர்களாகப் படையினரைப் பெயர் குறிக்கும் உரிமையைத் தலைமைத் தளபதிக்கே கொடுத்தது. 2015 தேர்தலில் பெருவெற்றி பெற்ற கட்சிகூட அந்த மூன்று நாற்காலிகளைத் தொட முடியவில்லை. 2021 பிப்ரவரியில் படையே ஆட்சியைக் கைப்பற்றியபோது மற்ற நாற்காலிகளும் போயின.

ஆகவே ‘படைமீதான குடியாட்சி மேலாணை’ (மேல் + ஆணை) என்பதை முன்வைக்கிறேன்; கட்டுரைக்குள் ‘குடியாட்சி மேலாணை’ என்று சுருக்கிக்கொள்ளலாம். நம் அரசமைப்பின் 53ஆம் பிரிவும் படைகளின் உச்ச ஆணையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அது சட்டப்படியே செலுத்தப்பட வேண்டும் என்கிறது. சீனாவில் படைக்கு மேலே இருப்பது கட்சி. அதைக் ‘கட்சி மேலாணை’ என்று பிரித்துச் சொல்லவும் இதில் வழி இருக்கிறது, ‘குடிமை’யில் அது இல்லை.

அவசரமாகப் படிப்பவர் ‘மேலாண்மை’ என்று வாசித்துவிடுவாரோ என்ற ஐயம் மட்டும் எனக்கு உண்டு. ‘மேலாணை’யை விடத் தெளிவான ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.